கூப்பிட்டால் வரும் படை, சொன்னால் போகுமா?

திண்டிவனத்தில் பஸ் மாறுவதற்காக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஊரைப் பார்ப்பதே இல்லை. மேற்கே போனால் செஞ்சி, திருவண்ணாமலை. தென்கிழக்கே புதுச்சேரி. வடக்கே வந்தவாசி. கிழக்கே பெருமுக்கல் வழியாக மரக்காணம். நடத்துநர்கள் கூவும் ஊர்ப் பெயர்கள் காதில் விழும்; தங்கள் பஸ் வந்ததும் ஏறிவிடுவார்கள். இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பு இதே பெயர்கள் லண்டனுக்கும் பாரிசுக்கும் கப்பலேறிய கடிதங்களில் அடிபட்டன. ஆளுக்கொருவனுக்கு உதவி செய்ய வந்த இரண்டு வெளிநாட்டுப் படைகள் இந்தச் சாலைகளில்தான் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு திரிந்தன.

ஒரு நாட்டை ஆள்பவன் தன் மக்களையே வதைக்கிறான் என்றால், வெளிநாட்டுப் படை உள்ளே புகுந்து அவனை விரட்டலாமா? இராக், லிபியா என்று தொலைக்காட்சி செய்திகளில் அடிபடும் ஊர்களைப் பற்றிய கேள்வியாகத்தான் இது பலருக்கும் தோன்றுகிறது. திண்டிவனத்தைச் சுற்றி ஒரு மணி நேரப் பயண தூரத்துக்குள் இந்தக் கேள்வி குறைந்தது மூன்று முறையாவது வந்து போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் விடை வேறு.

செஞ்சியிலிருந்தே தொடங்கலாம். 2025 ஜூலையில் மராட்டியர் இராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுப்பில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை அது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளை மதிலால் கோத்த இந்தக் கோட்டையை 1690இல் முற்றுகையிட்ட முகலாயத் தளபதி சுல்பிகார் கான், அதைப் பிடித்து முடித்தபோது 1698. எட்டு ஆண்டுகள். 1714இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துச் செத்த இளைஞன் தேஜ் சிங், ராஜா தேசிங்காகி இன்றும் கதைப்பாட்டில் குதிரை ஓட்டிக்கொண்டிருக்கிறான். இத்தனை பெயர்பெற்ற கோட்டையை 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி ஒரே இரவில் பிடித்தான். உலகத்தின் கவனம் திடீரென்று இந்தப் பக்கம் திரும்பியது.

பிரெஞ்சுக்காரனுக்குச் செஞ்சியில் என்ன வேலை? அவன் அழைக்கப்பட்டு வந்தவன்.

1748இல் ஐதராபாத் நிஜாம் இறந்தார். மகன் நாசிர் ஜங் ஒரு பக்கம், பேரன் முசாபர் ஜங் ஒரு பக்கம். அதே நேரத்தில் ஆற்காட்டில் நவாப் பதவிக்கும் இரண்டு பேர். நிஜாம் நியமித்த அன்வருத்தீன் கானை, பழைய நவாப் குடும்பத்து மருமகன் சந்தா சாகிபு ஏற்கவில்லை. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது தெருக்கூத்து வேரோடிய இந்த மண்ணில் எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே சந்தா சாகிபுக்குத் துணை போனான். 1749 ஆகஸ்ட் 3இல் ஆம்பூரில் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடிப்போய் ஆங்கிலேயரின் உதவியைக் கேட்டார். சென்னையிலும் கடலூரிலும் வியாபாரம் செய்துகொண்டிருந்தவர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் செஞ்சிக்கு அருகே நாசிர் ஜங் தன் பக்கத்து நவாப் ஒருவராலேயே கொல்லப்பட்டார்.

இரண்டு தரப்புக்கும் பேச்சு ஒன்றுதான்: எதிரி முறைகேடாக நாற்காலியில் உட்கார்ந்தவன், நாங்கள் நியாயமானவனுக்குத் துணை நிற்கிறோம். புதுச்சேரியில் டூப்ளேயின் துபாஷியாக இருந்த வியாபாரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்தார். படையுதவி என்ற சொல்லுக்குப் பின்னால் ஓடிய பேரங்களையும் வரவு செலவையும் அறிய அதைவிட நெருக்கமான சாட்சி கிடைப்பது அரிது. நல்லெண்ணம் என்ற சரக்கு எந்தக் கப்பலிலும் இலவசமாக வருவதில்லை என்பது ஒரு வியாபாரியின் கண்ணுக்குத் தெரியாமலா போகும்?

சந்தா சாகிபுக்கே இதில் அனுபவம் உண்டு. 1730களில் திருச்சியில் ஆண்ட நாயக்க அரசி மீனாட்சிக்கு வாரிசுச் சண்டையில் துணையாக வந்தவர் அவர். காப்பாற்றுவேன் என்று சத்தியம் செய்துவிட்டுக் கோட்டையைத் தானே எடுத்துக்கொண்டார். அரசி நஞ்சருந்தி இறந்ததாகச் சொல்வார்கள். மதுரை நாயக்கர் ஆட்சி அத்தோடு முடிந்தது. அதே திருச்சிக் கோட்டையை முற்றுகையிட்டுத் தோற்று 1752இல் தலை வெட்டப்பட்டார் சந்தா சாகிபு.

கூலி எப்படிக் கொடுக்கப்பட்டது என்பதற்குச் சான்று வேண்டுமானால் புதுச்சேரி மாநிலத்தின் வரைபடத்தை எடுத்துப் பார்க்கலாம். விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு நடுவே கிழிந்த துணியின் துண்டுகளைப் போல அது சிதறிக் கிடக்கிறது. பஸ்ஸில் போகும்போது தமிழ்நாடு வரும், பிறகு புதுச்சேரி வரும், மறுபடி தமிழ்நாடு வரும். மதுக்கடைப் பலகையைப் பார்த்துத்தான் பலர் எல்லையைத் தெரிந்துகொள்கிறார்கள். வில்லியனூரும் பாகூரும் சந்தா சாகிபு தன்னை உட்காரவைத்தவர்களுக்குக் கொடுத்த சன்மானம்.

ஆங்கிலேயர் வாங்கிய கூலியோ வரைபடத்தையே விழுங்கியது. 1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தார். செஞ்சியைப் பிடித்த அதே புஸ்ஸி அங்கே சிறைப்பட்டார். அந்த ஆண்டே திண்டிவனத்துக்குக் கிழக்கே பெருமுக்கல் மலைக்கோட்டையும் விழுந்தது. 1761இல் புதுச்சேரியும் அதைத் தொடர்ந்து செஞ்சியும் விழுந்தன. முகமது அலி நவாபானார். சென்னை வாலாஜா சாலை அவர் பட்டப்பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ஆனால் அவரை நவாபாக்கிய போரின் செலவு முழுவதும் அவர் தலையில் எழுதப்பட்டது. 1763இல் செங்கல்பட்டுப் பகுதி ஜாகீராகக் கம்பெனியிடம் போனது. மிச்சக் கடனைக் கட்ட நவாப் கடன் வாங்கினார். வட்டிக்குக் கொடுத்தவர்கள் அதே கம்பெனியின் ஊழியர்கள். பால் பென்ஃபீல்டு போன்றவர்கள் அதில் பெரும் பணக்காரர்களாகி லண்டன் நாடாளுமன்றம் வரை போனார்கள். எட்மண்ட் பர்க் 1785இல் அந்த நாடாளுமன்றத்திலேயே ஆற்காட்டு நவாபின் கடன் விவகாரத்தைப் போட்டு உடைத்தார். பயன் இல்லை. நவாபுக்குச் சேரவேண்டிய திறையை வசூலிக்கிறோம் என்று கிளம்பிய கம்பெனிப் படைதான் பாளையக்காரர்களோடு மோதியது. பூலித்தேவரும் கட்டபொம்மனும் அந்தக் கணக்கில்தான் எதிரிகளானார்கள். 1801இல் கர்நாடகப் பகுதியின் ஆட்சி முழுவதும் கம்பெனிக்குப் போனது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது என்பதற்கு இதைவிட நீளமான விளக்கவுரை கிடைக்காது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, கொடுங்கோலனை நீக்க வெளிநாட்டுப் படை வருகிறது என்றால் இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குச் சந்தேகம் வருவது இயல்பு. திருக்குறளில் கொடுங்கோன்மைக்கென்றே ஒரு தனி அதிகாரம் இருக்கிறது. அதன் பத்துக் குறள்களிலும் பக்கத்து நாட்டு அரசனைக் கூப்பிடச் சொல்லி ஒரு வரிகூட இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உலக நாடுகளும் ஏறக்குறைய இந்தச் சந்தேகத்தையே சட்டமாக எழுதி வைத்தன. 1945இல் வந்த ஐ.நா. சாசனம், எந்த நாடும் இன்னொரு நாட்டின் மீது படைபலத்தைக் காட்டக் கூடாது என்கிறது. விலக்கு இரண்டுக்குத்தான்: தற்காப்பு, அல்லது பாதுகாப்பு அவையின் அனுமதி. அந்த அவையில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் என்று ஐந்து பேரில் யார் தலையை ஆட்டி மறுத்தாலும் அனுமதி இல்லை. ஆகவே ஒரு சர்வாதிகாரிக்குத் தன் மக்களின் ஆதரவு தேவையில்லை. அந்த ஐவரில் ஒருவரின் நட்பு போதும். சட்டத்தின் பெரிய ஓட்டை இது.

அந்த ஓட்டை வழியாகத்தான் 1971 நுழைகிறது.

பாகிஸ்தானை அப்போது ஆண்டவர் ஜெனரல் யாஹியா கான். யாரும் ஓட்டுப் போட்டு வந்தவர் அல்ல. 1970 டிசம்பரில் அவரே நடத்திய தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் வென்றது. நாடு முழுவதற்கும் அதுவே பெரும்பான்மை. ஆட்சியைக் கொடுக்க மனமில்லாத யாஹியா 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் இராணுவத்தை அவிழ்த்துவிட்டார். பல்கலைக்கழக விடுதிகளில் மாணவர்கள் சுடப்பட்டார்கள். சுமார் ஒரு கோடிப் பேர் எல்லையைத் தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். பாதுகாப்பு அவையில் யாஹியாவுக்கு அமெரிக்காவும் சீனாவும் துணை. ஐ.நா.வில் இந்தியத் தூதர் சமர் சென், ஒரு கோடி அகதிகளைத் தள்ளிவிடுவதும் ஒருவகைப் படையெடுப்பே என்று வாதிட்டார்.

இந்திரா காந்தி உடனே படையை அனுப்பவில்லை. கடைசிக் காலத்தைக் குன்னூரில் கழித்த மானெக்‌ஷா அப்போது தலைமைத் தளபதி. மழைக்காலம் முடிந்து தயாராக அவகாசம் கேட்டார். ஆகஸ்டில் சோவியத் யூனியனோடு ஒப்பந்தம் போடப்பட்டது. டிசம்பர் 3இல் பாகிஸ்தான் விமானங்கள் இந்தியத் தளங்களைத் தாக்கின. டிசம்பர் 16இல் டாக்கா குதிரைப் பந்தயத் திடலில் ஜெனரல் நியாசி சரணடைந்தார். சுமார் 93,000 பேர் கைதாகினர். நடுவில் டிசம்பர் 7இல் ஐ.நா. பொதுச் சபையில் சண்டையை நிறுத்தச் சொல்லும் தீர்மானம் 104க்கு 11 என்று நிறைவேறியது. உலகத்தின் பெரும்பகுதி அன்று இந்தியாவுக்கு எதிரே நின்றது என்பதைப் பாடப்புத்தகங்கள் அதிகம் சொல்வதில்லை.

வெற்றியைவிட முக்கியமானது அடுத்த மூன்று மாதம். முஜிப் சிறையிலிருந்து 1972 ஜனவரி 10இல் டாக்கா திரும்பினார். இந்தியப் படை மார்ச்சில் விடைபெற்று நாடு திரும்பியது. கூலியாகக் கோட்டையோ ஜாகீரோ கேட்கவில்லை. கேட்க முடியாமல் செய்தது இந்தியாவின் பெருந்தன்மை மட்டுமில்லை. அங்கே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு தலைமை கையை நீட்டிக் காத்திருந்தது. முக்தி வாகினி என்ற அவர்களுடைய படையே அதற்கு முன் ஒன்பது மாதமாகச் சண்டையிட்டிருந்தது. ஆற்காட்டு முகமது அலிக்கு இருந்தது ஒரு பட்டம். முஜிபுக்கு இருந்தது ஒரு நாடு.

அதன்பிறகு, வங்கதேசமாகிவிட்ட கிழக்குப் பாகிஸ்தானில் பாலும் தேனும் ஓடவில்லை. முஜிப்பே 1975 தொடக்கத்தில் ஒரே கட்சி ஆட்சி கொண்டுவந்தார்; அந்த ஆகஸ்டில் இராணுவ அதிகாரிகள் அவரைக் குடும்பத்தோடு கொன்றார்கள். நீண்ட இராணுவ ஆட்சி வந்தது. உயிர் தப்பிய அவர் மகள் ஷேக் ஹசீனா 2024 ஆகஸ்ட் 5இல் மாணவர் எழுச்சிக்குப் பணிந்து பதவியைத் துறந்து இந்தியாவுக்கு ஓடிவந்தார். வெளிநாட்டுப் படை ஒரு சர்வாதிகாரியை நீக்கலாம். அடுத்தவன் வராமல் காவல் காப்பது அதனால் ஆகாத காரியம். ஹசீனாவை நீக்கியதில் எந்த வெளிநாட்டு டாங்கிக்கும் வேலை இருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1970களில் இன்னும் இரண்டு இடங்களில் அண்டை நாட்டுப் படையே சர்வாதிகாரியை விரட்டியது. கம்போடியாவில் தன் மக்களையே இலட்சக்கணக்கில் கொன்ற போல் பாட்டின் ஆட்சியை வியட்நாம் 1979 ஜனவரியில் கவிழ்த்தது. கொலைக்களங்கள் நின்றன. ஆனால் வியட்நாமியர் வெளியேறப் பத்து ஆண்டுகள் ஆயின, அதுவரை ஐ.நா.வில் கம்போடியாவின் இருக்கையில் போல் பாட்டின் தரப்பையே உட்காரவைத்தது உலகம். உகாண்டாவில், 1972இல் இந்திய வம்சாவளியினரைத் தொண்ணூறு நாள் கெடு கொடுத்து விரட்டிய இடி அமீன், 1978இல் தான்சானியாவின் எல்லைக்குள் கைவைத்தார். தான்சானியப் படை 1979 ஏப்ரலில் கம்பாலாவுக்கே போய் அவரை ஓட்டிவிட்டது. பிறகு வந்த ஒபோட்டே ஆட்சியும் இரத்தத்தில்தான் நடந்தது.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்தது 1987இல். இலங்கை அதிபர் ஜெயவர்த்தனா, 1982இல் ஒரு வாக்கெடுப்பு நடத்தி நாடாளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமலே நீட்டிக்கொண்டவர். சர்வாதிகாரி என்ற சொல் அவருக்கு முழுதாகப் பொருந்துமா என்று வாதிடலாம். யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்தவர்களுக்கு அந்த வாதத்தில் அக்கறை இருந்திருக்காது. 1987 ஜூன் 4இல் இந்திய விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் துணையோடு யாழ்ப்பாணத்தின் மீது பறந்து சுமார் 25 டன் உணவும் மருந்தும் போட்டன. பூமாலை என்று அதற்குப் பெயர். கொழும்பு இறங்கி வந்தது. ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் அணிவகுப்பு மரியாதையின்போது ஒரு சிங்களக் கடற்படை வீரன் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவை ஓங்கி அடித்தான். அந்தப் படம் உலகம் முழுவதும் போனது.

யாழ்ப்பாணத்து மக்கள் ஒப்பந்தப்படி வந்த இந்திய அமைதிப் படையை மாலை போட்டு வரவேற்றார்கள். மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. செப்டம்பர் 26இல் நல்லூரில் உண்ணாவிரதமிருந்த, விடுதலைப் புலிகள் இயக்கத்துத் திலீபன் இறந்தார். அக்டோபர் 10இல் அமைதிப் படையும் விடுதலைப் புலிகளும் நேருக்கு நேர் சண்டையில் இறங்கினார்கள். அந்த மாதம் 21ஆம் தேதி, தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் செத்தார்கள். இந்தியத் தரப்பில் மொத்தம் ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் திரும்பவில்லை. பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அவர்களில் ஒருவர். யாரை யாரிடமிருந்து காக்கப் போனோம் என்பதே ஒரு கட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த அதிபர் பிரேமதாசா, இந்தியப் படையை வெளியேறச் சொன்னதோடு அதை எதிர்க்கப் புலிகளுக்கே ஆயுதமும் கொடுத்தார். 1990 மார்ச் 24இல் திருகோணமலையிலிருந்து கடைசிக் கப்பல் புறப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க மனம் வரவில்லை என்பது அவர் நிலை. செத்தவர்களும் இந்த நாட்டுப் பிள்ளைகள்தானே என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

1971இல் ஜெயித்த அதே இராணுவம், அதே அண்டைநாட்டுத் தூரம், அதே அகதிகள். எது மாறியது? டாக்காவில் கையை நீட்டிக் காத்திருந்த ஒருவர் இங்கே இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவை இரண்டு அரசுகள். ஆயுதம் யார் கையில் இருந்ததோ அவர்கள் கையெழுத்து அதில் இல்லை. போனவர்களுக்கு எப்போது திரும்புவோம் என்ற தேதியும் இல்லை.

இந்தக் கதைக்கு ஒரு வேடிக்கையான பின்னிணைப்பு உண்டு. 1988 நவம்பர் 3இல் மாலத்தீவு அதிபர் கயூமைக் கவிழ்க்க ஒரு வியாபாரி இலங்கையின் புளொட் இயக்கத்துத் தமிழ் ஆட்களைக் கூலிக்கு அமர்த்திப் படகில் கொண்டுபோய் இறக்கினார். கயூம் இந்தியாவைக் கூப்பிட்டார். ஆக்ராவிலிருந்து கிளம்பிய பாராசூட் வீரர்கள் அன்றிரவே ஹுல்ஹுலே தீவில் இறங்கினார்கள். சில மணி நேரத்தில் காரியம் முடிந்தது. இராணுவப் பாடநூல்களில் மெச்சப்படும் வெற்றி. காப்பாற்றப்பட்ட கயூம் 1978 முதல் 2008 வரை முப்பது ஆண்டுகள், பெரும்பகுதி எதிர்ப்போட்டியாளரே இல்லாத தேர்தல்களில், நாற்காலியில் இருந்தார். வெளிநாட்டுப் படை சர்வாதிகாரிகளை விரட்டத்தான் வரும் என்று யார் சொன்னது?

இராக், லிபியா கதைகள் அண்மையவை, தெரிந்தவை. 2003இல் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லி அமெரிக்கா இராக்குக்குள் போனது. ஆயுதம் கிடைக்கவில்லை, சதாம் கிடைத்தார், நாடு சிதறியது. இந்தியாவும் படை அனுப்ப வேண்டும் என்று அமெரிக்கா கேட்டபோது, ஐ.நா. ஆணை இல்லாமல் முடியாது என்று வாஜ்பாய் அரசு அந்த ஜூலையில் மறுத்தது. அந்த மறுப்பு எத்தனை இந்தியக் குடும்பங்களைக் காப்பாற்றியது என்று 1987ஐ நினைத்துப் பார்த்தால் புரியும். 2011இல் லிபியாவில் மக்களைக் காக்க என்று ஐ.நா. பாதுகாப்பு அவையே அனுமதி கொடுத்தது. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. வானிலிருந்து குண்டு போட்டார்கள், அக்டோபரில் கடாஃபி கொல்லப்பட்டார், பிறகு அந்த நாட்டுக்கு இரண்டு அரசுகள். அடுத்து ஆளப்போவது யார் என்று கேட்காமலே பறந்த விமானங்கள் அவை.

இதையெல்லாம் அடுக்கி, வெளியார் தலையிடவே கூடாது என்று முடித்துவிட்டால் கட்டுரை எழுதுகிறவனுக்கு வேலை எளிது. தமிழ் வாசகருக்கு அந்த முடிவு நெஞ்சில் இறங்காது. 2009 இருக்கிறது.

வன்னியில் கடைசி மாதங்களில் மக்கள் கடற்கரையோரம் ஒரு சிறு நிலத்துண்டுக்குள் நெருக்கப்பட்டபோது, உலகம் வராதா என்றுதான் தமிழ்நாடு முழுவதும் கேட்டது. 2008 அக்டோபரில் சென்னையில் கொட்டும் மழையில் கைகோத்து நின்ற மனிதச் சங்கிலியும் அதைத்தான் கேட்டது. ஐ.நா. தன் ஊழியர்களைக் கிளிநொச்சியிலிருந்து முன்பே வெளியே எடுத்திருந்தது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. நாற்பதாயிரம் வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று 2011இல் ஐ.நா. பொதுச்செயலரின் நிபுணர் குழு சொன்னது. தன் அமைப்பு கடமையில் தவறியது என்று 2012இல் ஐ.நா.வின் உள் ஆய்வே ஒப்புக்கொண்டது. 1987இல் வந்த படையைச் சபித்ததும் 2009இல் வராத படைக்காக ஏங்கியதும் ஒரே மக்கள்தான். இரண்டிலும் பொய் இல்லை.

பர்மாவும் அப்படித்தான். 1962இல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் நெ வின் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியபோது இலட்சக்கணக்கான இந்தியர்கள், அவர்களில் ஏராளமான தமிழர்கள், கையில் இருந்ததை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். இந்தியா அனுப்பியது கப்பல்களை. படையை அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சென்னை பர்மா பஜார் அதன் மிச்சம். 2021 பிப்ரவரியில் அங்கே இராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தபோது யாங்கோன் தெருக்களில் இளைஞர்கள் ஐ.நா. வந்து காக்க வேண்டும் என்று அட்டை பிடித்து நின்றார்கள். 2005இல் உலகத் தலைவர்கள் கூடி, ஒரு அரசு தன் மக்களைக் காக்கத் தவறினால் அந்தப் பொறுப்பு உலகத்துக்கு வரும் என்று ஏற்றுக்கொண்ட ஆவணத்தை நம்பிய பிள்ளைகள். யாரும் வரவில்லை. சீனாவின் எல்லையில் இருக்கும் நாட்டுக்குள் யார் வருவார்கள்?

ஆகவே ஆட்சியாளனின் கொடுமையை மட்டும் வைத்துத் தலையீட்டை அளந்தால் கணக்கு எப்போதும் தப்பாகிறது. போல் பாட்டைவிட முகமது அலியின் எதிரிகள் கொடியவர்களா? இல்லை. யாஹியாவைவிட சதாம் நல்லவரா? அதுவும் இல்லை. உள்ளே மக்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்த ஒரு கை சாவியை வாங்கக் காத்திருக்கிறதா, வந்தவன் போகும் தேதி யார் கையில் இருக்கிறது, செலவுக் கணக்கு யார் பெயரில் எழுதப்படுகிறது என்பதில்தான் டாக்காவும் யாழ்ப்பாணமும் ஆற்காடும் வேறு வேறு திசையில் போயின. 1971இல் படை போனது சரி என்றே இந்தக் கட்டுரை நினைக்கிறது. அப்படிப்பட்ட இன்னொரு டிசம்பரை உலக வரலாற்றில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம் என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிப் போனால் கீழ்புத்துப்பட்டு வரும். இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாம் அங்கே இருக்கிறது. 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயரைத் தமிழ்நாடு அரசு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. இந்த முகாம்களில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்து, தங்கள் பிள்ளைகளையும் அதே பள்ளிகளுக்கு அனுப்பும் தலைமுறை வந்துவிட்டது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. படை வந்த காலத்திலும் வராத காலத்திலும் படகேறியவர்கள் பக்கத்து வீடுகளில் இருக்கிறார்கள்.

அங்கிருந்து புதுச்சேரியைத் தாண்டி மேற்கே போனால் வில்லியனூர், அதையொட்டிக் கீழூர். கீழூரின் கதைக்கு முன் கோவாவைப் பார்க்கலாம்: அங்கே போர்ச்சுகல் சர்வாதிகாரி சலாசர் அசையவே மறுத்ததால், பதினான்கு ஆண்டு காத்திருந்த இந்தியா 1961 டிசம்பரில் இராணுவத்தை அனுப்பி இரண்டு நாளில் முடித்தது. சலாசர் கட்டிய ஆட்சியோ 1974 ஏப்ரலில், துப்பாக்கி முனையில் பூச்செருகிய அந்த நாட்டுச் சிப்பாய்களாலேயே விழுந்தது. புதுச்சேரியில் சத்தம் வேறு மாதிரி இருந்தது. ஊருக்குள் போராட்டம், சுற்றிலும் இந்திய எல்லையில் கெடுபிடி, டெல்லிக்கும் பாரிசுக்கும் பேச்சுவார்த்தை. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் ஒரு கொட்டகையில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர், எதிராக 8 பேர். நவம்பர் 1இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார்கள். சந்தா சாகிபுக்கு உதவியதற்காக வில்லியனூரைக் கூலியாக வாங்கி 205 ஆண்டுகள் ஆகியிருந்தன. கீழூரில் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16இல் அதிகாரிகள் வந்து கொடியேற்றுகிறார்கள்.